புரதத்தில் எது எதைத் தொடுகிறது? எச்சங்களின் தொடுகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு புரதத்தின் அமைப்புக் கோப்பைத் திறந்து, எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்று பட்டியல் எடுக்க உட்காருபவர்களுக்காக எழுதியது இது. நிரல் எழுதத் தெரிந்து உயிரியல் புதிதாக இருப்பவர்களும், உயிரியல் தெரிந்து நிரல் புதிதாக இருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தடுக்கி விழும் இடங்கள்தான் வேறு வேறு.

எச்சம் என்கிறார்களே, அது என்ன? தொடுகை என்றால் என்ன?

அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்படும்போது ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்று போய்விடும். போனது போக மிஞ்சியிருப்பதுதான் எச்சம். புரதம் மடியும்போது, சங்கிலியில் எங்கோ தள்ளி இருக்கும் இரண்டு எச்சங்கள் அருகருகே வந்து உட்காரும். அதைத்தான் தொடுகை என்கிறோம். 'தொடர்பு' என்றும் எழுதுவார்கள். எனக்கு 'தொடுகை' பிடிக்கும், ஏனென்றால் தொடர்பு எவ்வளவு தூரத்தில் இருந்தும் இருக்கலாம், தொடுவதற்குக் கிட்டே வந்தாக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைசல்ஃபைடு (இரண்டு எச்சங்களின் கந்தக அணுக்கள் இணைவது) போன்ற ஒரு சில பிணைப்புகளைத் தவிர, தொடுகை என்று எதுவும் கோப்பில் எழுதியிருக்காது. அங்கே இருப்பது அணுக்களின் பெயர்களும் ஆயத்தொலைவுகளும்தான். எது தொடுகை, எது இல்லை என்று தீர்மானிப்பது நீங்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளம்புபவைதான்.

சரி, எத்தனை ஆங்ஸ்ட்ராம் வைத்துக்கொள்ள வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இது. ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

வழக்கத்தில் மூன்று அளவுகோல்கள் உண்டு. முதலாவது, இரண்டு எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு (சங்கிலியின் முதுகெலும்பில், பக்கச் சங்கிலி கிளைக்கும் கார்பன்) நடுவே உள்ள தூரம். 7, 8 என்று வைப்பார்கள், சிலர் 10 வரை போவார்கள். இரண்டாவது, பீட்டா கார்பன்களுக்கு (பக்கச் சங்கிலியின் முதல் கார்பன்) நடுவே 8 ஆங்ஸ்ட்ராம். அமைப்புக் கணிப்புக்கான காஸ்ப் போட்டியில் நிலைத்துப்போன வரையறை இது. கிளைசீனுக்குப் பீட்டா கார்பனே கிடையாது, அங்கே மட்டும் ஆல்ஃபா கார்பனை எடுத்துக்கொள்வார்கள். (இதை மறந்த நிரல் கிளைசீன் வரும் இடத்தில் பிழை காட்டி நின்றுவிட்டால் நல்லது. சத்தமில்லாமல் தாண்டிப் போனால்தான் ஆபத்து.) மூன்றாவது, ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களில் எந்த ஒரு ஜோடியாவது 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் போதும் என்பது.

ஏன் 4.5? கார்பனின் வாண்டர்வால்ஸ் ஆரம் (பிணைப்பில்லாமல் நிற்கும் அணு பிடிக்கும் இடத்தின் ஆரம்) ஏறக்குறைய 1.7. இரண்டு கார்பன்கள் ஒட்டி நின்றால் மையங்களுக்கு இடையே 3.4 வரும். நீர் மூலக்கூறு ஒன்றுக்குச் சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் இடம் வேண்டும். 4.5 தூரத்தில் கொஞ்சம் சந்து இருந்தாலும் அதற்குள் ஒரு நீர் நுழைய முடியாது. அதனால் 'தொடுகிறது' என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது.

பீட்டா கார்பன் அளவுகோல் அப்படியல்ல, அது ஒரு தோராயம். ஆர்ஜினினின் பக்கச் சங்கிலி நீளமானது. அதன் நுனி எதிரே உள்ள குளூட்டமிக் அமிலத்தை அழகாகப் பிடித்துக்கொண்டிருக்கும், பீட்டா கார்பன்களோ 8 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டி விலகி நிற்கும். பட்டியலில் அந்த ஜோடி வராது. மறுபக்கம், பீட்டா கார்பன்கள் 7.5 தூரத்தில் இருந்தும் இரண்டு பக்கச் சங்கிலிகளும் எதிரெதிர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கலாம். அது பட்டியலில் வந்துவிடும், உண்மையில் தொடுவதில்லை.

என் வழக்கம் இது: எந்த வகை ஈர்ப்பு என்று பார்க்க வேண்டுமானால் அணு-அணு 4.5. கணிப்பு முறைகளோடு ஒப்பிட வேண்டுமானால் பீட்டா கார்பன் 8. எதை எடுத்தாலும் எல்லையை அரை ஆங்ஸ்ட்ராம் கூட்டியும் குறைத்தும் மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். 8-க்கு வந்த முடிவு 8.5-க்குக் கவிழ்ந்தால், அது புரதத்தைப் பற்றிய முடிவே அல்ல, எல்லையைப் பற்றிய முடிவு.

மிக அருகில் வந்தாலும் தொடுகைதானே?

ஒரு அளவு வரைதான். அதற்குக் கீழே போனால் மோதல். எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை வைத்துத்தான் 1963-இல் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும், சங்கிலியின் முதுகெலும்பு எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் தங்கள் புகழ்பெற்ற வரைபடத்தைப் போட்டார்கள். பிணைப்பில் இல்லாத இரண்டு கார்பன்களுக்கு 3.2 ஆங்ஸ்ட்ராம் வழக்கமான கீழ் எல்லை, கடைசி எல்லை 3.0 என்பது அவர்களுடைய கணக்கு. உங்கள் பட்டியலில் பிணைப்பில்லாத கார்பன் ஜோடி ஒன்று 2.6-இல் நின்றால், கண்டுபிடிப்பு என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த இடத்தில் மாதிரியே தப்பாகக் கட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தடுத்த எச்சங்களையும் எண்ண வேண்டுமா?

வேண்டாம். பக்கத்துப் பக்கத்து எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்கள் எந்தப் புரதத்திலும் பெரும்பாலும் 3.8 ஆங்ஸ்ட்ராமை ஒட்டித்தான் இருக்கும். சங்கிலி அப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது, அதில் செய்தி எதுவும் இல்லை. வரிசை எண் வித்தியாசம் 3 வரை உள்ளவற்றை விட்டுவிடுவது பொதுவான பழக்கம். ஆல்ஃபா சுருளில் (சங்கிலி திருகுபோல் சுற்றி நிற்கும் பகுதி) ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள். அதனால் வித்தியாசம் 4 உள்ள ஜோடிகள் அங்கே தாமாகவே தொட்டுக்கொள்ளும். அவையும் கணக்கில் வேண்டாம் என்றால் எல்லையை இன்னும் ஏற்றிக்கொள்ளலாம். காஸ்ப் வழக்கில் 6 முதல் 11 வரை குறுந்தொலைவு, 12 முதல் 23 வரை இடைத்தொலைவு, 24-உம் அதற்கு மேலும் நெடுந்தொலைவு. மடிப்பின் வடிவத்தைச் சொல்வது பெரும்பாலும் நெடுந்தொலைவுத் தொடுகைகள்தான்.

என் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பெரிய புரதத்தில் ஆரம்பிக்காதீர்கள். புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் பிடிபி தரவு வங்கியில் 1சிஆர்என் என்ற குறியீட்டில் கிராம்பின் என்ற குட்டிப் புரதம் இருக்கிறது. மொத்தம் 46 எச்சங்கள். சாத்தியமான ஜோடிகள் 1035. வித்தியாசம் 3 வரை உள்ளவற்றைக் கழித்தால் 903. உங்கள் நிரல் இந்த 903 ஜோடிகளைப் பரிசோதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு எண் வந்தால் சுழற்சியில் ஒன்று கூடியோ குறைந்தோ போயிருக்கிறது.

அப்புறம் இன்னொரு சோதனை. கிராம்பினில் மூன்று டைசல்ஃபைடு பாலங்கள் உண்டு: 3-உம் 40-உம், 4-உம் 32-உம், 16-உம் 26-உம். இணைந்த இரண்டு கந்தக அணுக்களுக்கு நடுவே சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராம்தான். மேலே சொன்ன மூன்று அளவுகோல்களில் எதை எடுத்தாலும் இந்த மூன்று ஜோடிகளும் பட்டியலில் வந்தே தீர வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தாலும் புரதத்தைச் சந்தேகிக்காதீர்கள், நிரலைப் பாருங்கள்.

தொடுகை வரைபடத்தை எப்படிப் படிப்பது?

இரண்டு அச்சுகளிலும் எச்ச எண்கள், தொடும் ஜோடிக்கு ஒரு புள்ளி. அவ்வளவுதான். மூலைவிட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே படம் கண்ணாடியில் பார்த்தது போல் வரும். அதனால் பலர் ஒரு பாதியில் ஒரு அமைப்பையும் மறு பாதியில் இன்னொன்றையும் வரைந்து ஒப்பிடுவார்கள்.

மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டையாக வந்தால் ஆல்ஃபா சுருள். மூலைவிட்டத்துக்கு இணையாகத் தள்ளி ஓடும் கோடு என்றால் ஒரே திசையில் போகும் இரண்டு பீட்டா இழைகள் (நீட்டி நிற்கும் சங்கிலித் துண்டுகள்). செங்குத்தாக வெட்டுவது போல் வந்தால் எதிரெதிர்த் திசை இழைகள். கிராம்பினில் தொடக்க எச்சங்களுக்கும் 32-ஐ ஒட்டிய எச்சங்களுக்கும் நடுவே இந்தக் கடைசி வகை தெரியும். பெரிய புரதங்களில் புள்ளிகள் சதுரக் கட்டிகளாகச் சேர்ந்தால் அவை தனித்தனியாக மடியும் பகுதிகளாக இருக்கலாம்.

பலரும் கவனிக்காத ஒரு குறை இந்த வரைபடத்துக்கு உண்டு. புரதத்தின் கண்ணாடி பிம்பத்துக்கும் இதே வரைபடம்தான் வரும். தூரங்களுக்கு இடது வலது தெரியாது. வரைபடத்திலிருந்து அமைப்பைத் திரும்பக் கட்டுபவர்கள், சுருள் வலஞ்சுழியாக இருக்க வேண்டும் என்பது போன்ற வேறு அறிவை உள்ளே கொண்டுவந்துதான் சரியான பிம்பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தொடுகைகளை வகை பிரிப்பது எப்படி?

வகைக்கு வகை தனி விதி. ஹைட்ரஜன் பிணைப்புக்கு, ஹைட்ரஜனைத் தரும் அணுவுக்கும் அதைப் பெறும் அணுவுக்கும் நடுவே 3.5 ஆங்ஸ்ட்ராமுக்குள், அதோடு கோணமும் ஒத்துவர வேண்டும். நல்ல பிணைப்புகள் 2.8, 3.0 என்ற அளவில் நிற்கும். உப்புப் பாலத்துக்கு எதிரெதிர் மின்னூட்டமுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள். லைசின் அல்லது ஆர்ஜினின், ஒரு நறுமண வளையத்தின் (ஃபினைல்அலனின் போன்றவற்றில் வரும் தட்டையான வளையம்) முகத்துக்கு எதிரே 6 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் நேரயனி-பை ஈர்ப்பு. நீரை விலக்கும் பக்கச் சங்கிலிகளின் கார்பன்களுக்கு 4.5 போதும்.

ஒரே ஜோடி இரண்டு மூன்று வகையில் விழுவது சகஜம். உப்புப் பாலம் என்பதே பல நேரம் ஹைட்ரஜன் பிணைப்பும்தான். மொத்தம் எத்தனை தொடுகை என்று கூட்டும்போது ஒன்றை இரண்டாக எண்ணிவிடாதீர்கள்.

கோப்பில் ஹைட்ரஜன் அணுவே இல்லையே, ஹைட்ரஜன் பிணைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்ஸ்-கதிர் எலக்ட்ரான்களைத்தான் பார்க்கிறது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மிக நுணுக்கமான தெளிவுத்திறன் இருந்தால் ஒழிய அது தெரியாது. அதனால் ரெட்யூஸ் போன்ற கருவிகளால் ஹைட்ரஜன்களைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறோம், அல்லது கன அணுக்களின் (ஹைட்ரஜன் அல்லாதவை) தூரத்தையும் கோணத்தையும் வைத்தே ஊகிக்கிறோம்.

இதில் ஒரு வலை உண்டு. அஸ்பராஜின், குளூட்டமின் இரண்டிலும் பக்கச் சங்கிலி நுனியில் ஆக்சிஜன் ஒரு பக்கம், நைட்ரஜன் மறு பக்கம். எக்ஸ்-கதிர் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால், அதைப் பார்த்து மாதிரியைக் கட்டியவர் இடம் மாற்றி வைத்திருக்கலாம். ஹிஸ்டிடின் வளையத்துக்கும் இதே கதை. 180 பாகை திருப்பிப் பார்த்தால், விலக்கம் போல் தெரிந்தது ஒரு நல்ல பிணைப்பாக மாறும். ரெட்யூஸ் இதையும் சோதித்துத் தருகிறது.

கோப்பைப் படிக்கும்போது எங்கெல்லாம் சறுக்கும்?

எண்ணித் தீராது. அடிக்கடி பார்ப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாற்று நிலைகள்: ஒரே பக்கச் சங்கிலி படிகத்தில் இரண்டு விதமாக நின்றால், கோப்பில் ஏ, பி என்று இரண்டு தொகுதி அணுக்கள் இருக்கும். நான் ஒருமுறை ஒரு எச்சத்தின் ஏ நிலைக்கும் இன்னொன்றின் பி நிலைக்கும் நடுவே அருமையான ஒரு தொடுகையைக் கண்டுபிடித்து, இரண்டு நாள் அதற்கு விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கவே முடியாது என்று மூன்றாம் நாள்தான் உறைத்தது.

எண்கள்: கோப்பில் உள்ள எச்ச எண் 1-இல் தொடங்க வேண்டும் என்று இல்லை, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்ம எண்கள் வரும். 52-க்குப் பிறகு 52ஏ வரும், நோயெதிர்ப்புப் புரதங்களில் இது வழக்கம். அடர்த்தியில் தெரியாத எச்சங்கள் கோப்பிலேயே இருக்காது. பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை எச்ச எண் என்று நினைத்துக் கழித்தால் வித்தியாசம் தப்பாக வரும்.

செலினோமெத்தியோனின்: மெத்தியோனினுக்குப் பதிலாக இதைப் போட்டு அமைப்பைத் தீர்ப்பது பழைய உத்தி. கோப்பில் இது புரதம் அல்லாத பொருட்களின் வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும். 'புரத அணுக்கள் மட்டும்' என்று வடிகட்டினால் சங்கிலியின் நடுவில் ஓட்டை விழும்.

பெரிய தவறு இன்னொன்று. கோப்பில் இருப்பது படிகத்தின் சமச்சீரற்ற அலகு (திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் வரும் சிறு துண்டு), உயிருள்ள செல்லில் இயங்கும் கூட்டமைப்பு அல்ல. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இருவராகச் சேர்ந்து இயங்கும் புரதத்தில் ஒருவர் மட்டும் கோப்பில் இருக்கலாம். அல்லது நான்கு பிரதிகள் படிகத்தில் நெருக்கி அடுக்கப்பட்டதாலேயே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். சங்கிலிகளுக்கு இடையேயான தொடுகையைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கு முன்பும் உயிரியல் கூட்டமைப்புக் கோப்பை இறக்கிப் பாருங்கள்.

அணுக்கரு காந்த ஒத்திசைவால் தீர்த்த கோப்பில் இருபது மாதிரிகள்கூட இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் படித்தால் புரதம் தன்னைத்தானே இருபது முறை தொடும்.

தொடுகை இருந்தால் அங்கே ஈர்ப்பும் இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. தூரத்தை அளந்தீர்கள், ஆற்றலை அளக்கவில்லை. சும்மா இடம் நிரப்ப அருகில் நிற்பவையும் உண்டு, வேறு எச்சங்கள் இழுத்துப் பிடித்ததால் விருப்பமில்லாமல் அருகில் நிற்பவையும் உண்டு.

ஈர்ப்பா என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு எச்சத்தை மாற்றி ஆற்றலை அளக்க வேண்டும், இன்னொன்றை மாற்றி அளக்க வேண்டும், பிறகு இரண்டையும் சேர்த்து மாற்றி அளக்க வேண்டும். இரட்டை மாற்றத்தின் விளைவு தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்றால், அந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று பேச்சு இல்லை. பார்நேஸ், பார்ஸ்டார் என்ற புரத ஜோடியில் இந்த முறை விரிவாகச் செய்யப்பட்டது. பார்ஸ்டாரின் 39-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலம் பார்நேஸின் 83, 87-ஆம் ஆர்ஜினின்களோடு கொண்ட பிடி மிகப் பலமானது என்று அதில் தெரிந்தது.

அதற்காகத் தொடுகையை அற்பமாகவும் நினைக்க வேண்டாம். அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்துக் குளூட்டமிக் அமிலம் வாலினாக மாறுகிறது. ஆக்சிஜன் இல்லாத நிலையில் அந்த வாலின், பக்கத்து மூலக்கூறின் 85-ஆம் ஃபினைல்அலனினும் 88-ஆம் லியூசினும் சேர்ந்து அமைக்கும் குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது. இந்த ஒரு புதுத் தொடுகையால் மூலக்கூறுகள் நாராகக் கோத்துக்கொண்டு போகின்றன, சிவப்பணுவின் வடிவமே கோணிப்போகிறது. ஒற்றை மூலக்கூறின் தொடுகைப் பட்டியலில் இது வரவே வராது என்பதையும் கவனியுங்கள்.

ஒரே புரதத்தின் இரண்டு நிலைகளை ஒப்பிடலாமா?

தாராளமாக. தொடுகைப் பட்டியலின் உண்மையான பயனே எனக்கு அங்கேதான் தெரிகிறது. இரண்டு அமைப்புகளையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தாமலேயே எது போனது, எது வந்தது என்று சொல்லிவிடலாம். ஹீமோகுளோபினையே எடுங்கள். ஆக்சிஜன் இல்லாதபோது பீட்டா சங்கிலியின் கடைசி எச்சமான 146-ஆம் ஹிஸ்டிடின் அதே சங்கிலியின் 94-ஆம் அஸ்பார்ட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் போட்டிருக்கும். ஆக்சிஜன் ஏறியதும் அது அறுந்துவிடும். அமிலத்தன்மை கூடினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டுக்கொடுப்பதில் இந்தப் பாலத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஆனால் இரண்டு கோப்புகளிலும் உள்ள எச்சங்களை மட்டும் ஒப்பிடுங்கள். ஒன்றில் வளைவு ஒன்று அடர்த்தியில் தெரியாமல் விடுபட்டிருந்தால், அதன் தொடுகைகள் எல்லாம் 'போய்விட்டன' என்று கணக்கு காட்டும்.

நிரல் மிக மெதுவாக ஓடுகிறது.

எல்லா அணுக்களையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுகிறீர்கள். இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் பாருங்கள், அல்லது கேடி-மரம் (அருகில் உள்ள புள்ளிகளை விரைவாகத் தேட உதவும் தரவு அமைப்பு) பயன்படுத்துங்கள். பயோபைத்தான் என்ற பைத்தான் நூலகத்தின் அண்டைத் தேடல் வசதி அதைத்தான் செய்கிறது. வெறும் 300 எச்சங்களுக்குப் பீட்டா கார்பன் தூரம் என்றால் 44,850 ஜோடிகள்தான், அதற்கு எந்த உத்தியும் தேவையில்லை.

எந்த மென்பொருள் நல்லது?

கண்ணால் பார்க்கப் பைமால் அல்லது கைமராஎக்ஸ். சொந்தமாக எண்ணப் பயோபைத்தான். அணுக்களின் அசைவைக் கணினியில் ஓட்டிப் பார்த்த இயக்கப் பாதைகளுக்கு எம்டிஅனாலிசிஸ் அல்லது எம்டிடிராஜ். வகை பிரித்துத் தர ரிங், ஆர்பெஜியோ போன்றவை உண்டு. இரண்டு கருவிகள் ஒரே கோப்புக்கு வேறு வேறு எண்ணிக்கை தந்தால் பதறாதீர்கள். அவற்றின் வரையறைகள் வேறு, அவ்வளவுதான். கருவியின் இயல்புநிலை அமைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போடுவதுதான் தப்பு.

அமைப்பைக் கணிக்கும் நிரலான ஆல்ஃபாஃபோல்டு தந்த மாதிரியில் தொடுகை எடுக்கலாமா?

எடுக்கலாம், நம்பகத்தன்மை எண்ணைப் பார்த்துவிட்டு. பிஎல்டிடிடி என்ற அந்த எண் (100-க்கு) 70-க்கு மேல் என்றால் அந்த இடத்தின் மடிப்பை ஓரளவு நம்பலாம். பக்கச் சங்கிலி வரை நம்ப 90-க்கு மேல் வேண்டும். 50-க்குக் கீழே உள்ள நூடுல்ஸ் போன்ற பகுதிகள் எதைத் தொட்டாலும் எண்ணாதீர்கள். இந்த எண் கோப்பில் பி-காரணி (அணுவின் இடம் எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று சொல்லும் எண்) இருக்க வேண்டிய நெடுவரிசையில் இருக்கும். பி-காரணி கூடினால் மோசம், இது கூடினால் நல்லது. பழைய நிரலை அப்படியே ஓட்டினால் நல்லதை வெட்டி எறிந்து கெட்டதை வைத்துக்கொள்ளும். இரண்டு தனிப் பகுதிகளுக்கு இடையேயான தொடுகை என்றால் பிஏஇ என்ற இன்னொரு அட்டவணையையும் (ஒன்றைப் பொறுத்து மற்றதன் இடம் எவ்வளவு தப்பியிருக்கலாம் என்று சொல்வது) பார்க்க வேண்டும்.

இந்தக் கணிப்பு முறையின் வேரே தொடுகைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடும் இரண்டு எச்சங்களில் ஒன்று பரிணாமத்தில் மாறினால், மற்றதும் ஈடுகட்ட மாறும். ஆயிரக்கணக்கான உறவுப் புரதங்களின் வரிசைகளை அடுக்கி, எந்த இரண்டு இடங்கள் சேர்ந்து மாறுகின்றன என்று பார்த்தால் தொடுகையை ஊகிக்கலாம். யோசனை பழையது. ஆனால் அ-வுக்கும் ஆ-வுக்கும் தொடுகை, ஆ-வுக்கும் இ-க்கும் தொடுகை என்றால், அ-வும் இ-யும் தொடாமலேயே சேர்ந்து மாறுவது போல் தெரியும். இந்த மறைமுக உறவுகளைக் கழிக்கும் கணித முறைகள் 2009-இலிருந்து அடுத்த சில ஆண்டுகளுக்குள் வந்தன. பின்னர் ஆழ்கற்றல் வந்தது. 2018-இன் காஸ்ப் போட்டியில் முதல் ஆல்ஃபாஃபோல்டு, தொடுகை உண்டா இல்லையா என்பதைத் தாண்டித் தூரங்களையே கணித்தது. 2020-இல் வந்த இரண்டாவது பதிப்பு நேரடியாக ஆயத்தொலைவுகளுக்கே போய்விட்டது.

தொடுகை எண்ணிக்கையிலிருந்து மடியும் வேகம் தெரியுமா?

சிறிய, ஒரே வீச்சில் மடியும் புரதங்களுக்கு ஓரளவு தெரியும். தொடும் ஜோடிகளின் வரிசை இடைவெளிகளுக்குச் சராசரி எடுத்து, அதைச் சங்கிலியின் நீளத்தால் வகுத்தால் சார்புத் தொடுகை வரிசை கிடைக்கும். 1998-இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் மூவரும் இது கூடக் கூட மடிவது மெதுவாகிறது என்று காட்டினார்கள். பக்கத்தில் உள்ளவரோடு கைகோப்பது சுலபம், தூரத்தில் உள்ளவரைத் தேடிப் பிடிக்க நேரமாகும் என்ற எளிய விஷயம்தான். 2001-இல் குரோமிஹாவும் செல்வராஜும் வரிசையில் தள்ளியுள்ள தொடுகைகளை மட்டும் எண்ணும் நெடுந்தொலைவு வரிசை என்ற அளவை முன்வைத்தார்கள். ஆல்ஃபா சுருள்களால் ஆன புரதங்களில் இந்த அளவுகள் குறைவாகவும், பீட்டா தாள்களால் ஆனவற்றில் அதிகமாகவும் வரும்.

மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தலில் தொடுகை ஒரு கணம் இருக்கிறது, மறுகணம் இல்லை. என்ன செய்வது?

இருக்கிறது, இல்லை என்று சொல்லாமல் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று சொல்லுங்கள். 4.5 எல்லை வைத்தால் 4.4-க்கும் 4.6-க்கும் நடுவே துள்ளும் ஒரு ஜோடி நூறு முறை உடைந்து சேர்ந்தது போல் தெரியும். அதைத் தவிர்க்கக் கறாரான வெட்டுக்குப் பதிலாக மெல்லச் சரியும் சார்பு ஒன்றைப் பயன்படுத்துவார்கள், அல்லது சேர்வதற்கு ஒரு எல்லையும் பிரிவதற்குச் சற்றுப் பெரிய எல்லையும் வைப்பார்கள். இரண்டாவது வழி எனக்கு உகந்தது. விளக்குவதற்கும் சுலபம்.

நடுவில் ஒரு நீர் மூலக்கூறு இருந்து இரண்டையும் இணைத்தால் அது தொடுகையா?

நேரடித் தொடுகை அல்ல, நீர் வழித் தொடுகை என்று தனிப் பட்டியலில் போடுங்கள். புரதங்கள் ஒன்றோடொன்று சேரும் பரப்புகளில் இவை நிறையவே உண்டு. ஆனால் தெளிவுத்திறன் 3 ஆங்ஸ்ட்ராம் என்ற அளவில் உள்ள அமைப்பில் நீர் மூலக்கூறுகளைப் பெரும்பாலும் வைத்திருக்கவே மாட்டார்கள். அங்கே பட்டியல் காலியாக வந்தால், அந்த இடம் உலர்ந்து கிடக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.